கூடுதலாக நான்கு அடி

"இன்னிக்கும் நாலு அடி! நாடகப் புத்தகத்துல இல்லாத நாலு வசன அடி! இதோ, எழுதியே வெச்சிருக்கேன்."

மேவிஸ் தோர்ன்லி ஒரு துண்டுக் காகிதத்தை மேனேஜர் பாஸ்கோமின் மேஜைமேல் போட்டாள். மதியக் காட்சி முடிந்து அரிதாரம்கூடக் கலைக்கவில்லை. அரசியின் கிரீடம் தலையில் கோணலாக இருந்தது.

"யாரு, க்ளெமா?"

"வேற யாரு? மந்திரி வேஷம் போட்டதும், நாடகம் எழுதினவரையே மிஞ்சிடலாம்னு நெனப்பு."

பாஸ்கோம் பைப்பைத் தட்டினார். "ஜனங்க யாரும் கண்டுபிடிக்கலையே, மிஸ் தோர்ன்லி?"

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அளவு பிசகினாத்தானே! மெதுவா ஒரு அசை, அழுத்தி ஒரு அசை, அப்படி அஞ்சு சீர். த-டும், த-டும்னு அச்சு அசலா நம்ம நாடகத்து அடி மாதிரியே இருக்கு. நான் பாவாடை மடிப்புல விரல் விட்டு எண்ணிட்டேதான் நிக்கறேன். வாய்க்கு வந்ததை உளறினா இவ்வளவு கச்சிதமா வருமா? வீட்டுல உக்காந்து எழுதிட்டு வரான்!"

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தடுமாறி ஏதோ சொல்லியிருந்தால் போகிறான் என்று விட்டிருப்பாள். இவனோ அளந்து அளந்து எழுதிக்கொண்டு வருகிறான். எதற்கு?

எதற்கென்று அவளுக்குத் தெரியும். எதிர்பாராத அடியைக் கேட்டு அவள் திகைக்க வேண்டும். திகைத்தால் அடுத்த வசனம் மறக்கும். மறந்தவர்களுக்கு இந்தக் குழுவில் இடம் கிடையாது. போன சீசனில் இரண்டு முறை வசனம் மறந்த ஒருத்தியை, பாஸ்கோம் அந்த வார இறுதிக்குள் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். அரசி வேடத்துக்கும் மாற்று ஆள் தயார். இருபத்துநாலு வயது. வசனம் முழுவதும் தலைகீழ்ப் பாடம்.

மேவிஸுக்கு ஐம்பத்தெட்டு. மேடையைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. இப்போதெல்லாம் மணி அடித்தாலே கை சில்லிட்டுப் போகிறது. காட்சிக்கு முன்னால் ஒரு வாய் தேநீர்கூட இறங்குவதில்லை.

"இன்னிக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'உங்கள் மௌனமும் எங்களுக்கு ஆணைதான், அரசி'யாம்! அதுக்குக் கைதட்டல் வேற!"

பாஸ்கோம் க்ளெமைக் கூப்பிட்டனுப்பினார். மேடை ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் இடாவும் வந்தாள்.

"அடி சேர்த்தீங்களா, க்ளெம்?"

க்ளெம் பாதி ஒட்டுத்தாடியோடு நின்றான். "சேர்த்தேன்."

"எதுக்கு?"

"கைதட்டலுக்கு ஆசைதான். இருபது வருஷமா அடுத்தவங்க பேசறதுக்குத் தலையாட்டிட்டே நிக்கறேன், மிஸ்டர் பாஸ்கோம். கழுத்து வலிக்குது."

இடா வாயைத் திறந்தாள். க்ளெம் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பாவம், அந்தப் பெண்ணையும் மிரட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள் மேவிஸ்.

"சனிக்கிழமையோட நீங்க கிளம்பலாம்" என்றார் பாஸ்கோம்.

வாசல்வரை போன க்ளெம் திரும்பினான். "மூணாவது அங்கத்துல பார்த்துக்கோ, மேவிஸ். அவசரப்படாதே."

"மிரட்டறியா?"

அவன் தாடியின் மிச்சத்தையும் பிய்த்துக்கொண்டே போய்விட்டான்.

அடுத்த வாரம் புதிய மந்திரி வந்தான். இளைஞன், நல்ல குரல். புத்தகத்தில் இருப்பதை மட்டும் பேசுகிறவன். அந்த வாரத்தின் முதல் காட்சி புதன்கிழமை மதியம்தான். அன்று காலை மேவிஸ் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். மதியக் காட்சிக்கு மணி அடித்தபோது கை சில்லிடவே இல்லை.

முதல் இரண்டு அங்கமும் அவசரமில்லாமல் போயின. மூன்றாவது அங்கம்.

"தூதன் வந்து வாசலில் நிற்கிறான், அரசி" என்றான் புதிய மந்திரி.

பிறகு மௌனம்.

மேவிஸ் காத்திருந்தாள். அவன் மேலே பேசவில்லை. மறந்துவிட்டான் போலிருக்கிறது, முதல் காட்சிதானே என்று அவளுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. விரல் தன்பாட்டுக்கு ஐந்து சீரை எண்ணி முடித்தது. மறுபடி எண்ணியது.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"பேசித் தொலையேன்டா" என்று உதடு அசையாமல் சொன்னாள்.

அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. கெஞ்சுகிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் அவள் விரல் எண்ணுவதை நிறுத்தியது.

ஓரத்திலிருந்து இடாவின் கிசுகிசுப்பு வந்தது.

"மிஸ் தோர்ன்லி... உங்க அடி."

இடா எடுத்துக் கொடுத்ததை, பிறந்ததிலிருந்து கேட்டே இராத வார்த்தைகளைப்போல மேவிஸ் திருப்பிச் சொன்னாள். அந்த அங்கம் முடிவதற்குள் இன்னும் மூன்று முறை அந்தக் கிசுகிசுப்பு வந்தது.

திரை விழுந்தது. மேவிஸ் ஓடிப்போய் இடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா, இடா? எத்தனை நாளா நான் இப்படி?"

இடா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஈஸ்டர்லேருந்து, மிஸ் தோர்ன்லி. தினமும் இதே நாலு இடத்துலதான் நின்னு போயிடுவீங்க. வெளியில தெரியாம க்ளெம்தான் நீங்க விட்ட நாலு அடிக்கும் பதிலா ஒவ்வொரு அடி எழுதிட்டு வந்து நிரப்பிட்டிருந்தார்."