பாஸாகித் தொலைக்கிற வேன்

"தம்பி டெரெக், இந்த வருஷமாவது என் வேனை ஃபெயிலாக்கிடேன்."

டெரெக் ஆச்சரியப்படவில்லை. வருடாந்தர எம்.ஓ.டி. தகுதிச் சோதனைக்கு அவன் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் பாஸ் போடச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள். பிஸ்கட் டப்பாவோடு வந்து கெஞ்சியவர்களும் உண்டு. ஃபெயிலாக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர் இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்திலேயே வில்ஃப் ஒருவர்தான். அதுவும் வருஷம் தவறாமல்.

"வேன்ல என்னண்ணே குறை?"

"குறை இல்லாததுதான்டா குறை. எனக்கு முட்டி போச்சு, பல்லு போச்சு, காது பாதி போச்சு. இந்தச் சனியனுக்கு ஒண்ணும் போக மாட்டேங்குது."

சின்ன சிவப்பு வேன். பின்னால் ஒரு மெத்தை, ஒரு கெட்டில். ஆகஸ்ட் பிறந்ததும் வில்ஃபின் மனைவி எனிட் அதில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மூன்று வாரம் ஸ்காட்லாந்துக் கடற்கரை. "எந்த வருஷம் வேன் ஃபெயிலாகுதோ, அந்த வருஷம் வீட்டோட இருந்துக்கலாம்" என்று புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். வேனோ அவள் கட்சி. இன்றைக்கும் கூடவே பட்டறைக்கு வந்திருந்தாள்.

வில்ஃபின் கவலை லீக்ஸ். வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. செப்டம்பரில் ஊர் கிளப்பில் போட்டி. யாருடைய லீக்ஸ் கொழுத்துத் திரண்டிருக்கிறதோ அவருக்குக் கப்பு. அந்த ஊர் ஆண்கள் பெற்ற பிள்ளையைக்கூட அப்படிச் சீராட்டியதில்லை. கப்பு பல வருஷமாக வில்ஃப் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. அது போய்விடுமோ என்றுதான் மனிதருக்குத் தூக்கமில்லை.

"ஆகஸ்ட்தான்டா அது சதை போடற மாசம். அந்த நேரம் பார்த்து வளர்த்தவன் கடற்கரையில மீன் வறுவல் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தா விளங்குமா?"

"அதான் பீப்பாய்ல ஓட்டை போட்டுச் சொட்டுத் தண்ணி விட்டுட்டுப் போறீங்களே. அப்படியும் நீங்கதானே ஜெயிக்கிறீங்க?"

"பீப்பாய் தண்ணி ஊத்தும். பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசுமா?"

"நல்லா இருக்கிற வண்டிய ஃபெயில்னு எழுத முடியாதுண்ணே. சட்டம்னு ஒண்ணு இருக்கு."

அவ்வளவுதான், வில்ஃபின் குரல் ஏறிவிட்டது. "சட்டமா? வருஷா வருஷம் ரெண்டாம் பரிசு வாங்கறது யாருன்னு சொல்லட்டுமா? நீதானடா. என்னை ஊரை விட்டுக் கிளப்பிட்டா கப்பு உனக்குன்னு கணக்கு. அதுக்குத்தான் இந்த டப்பாவுக்குப் பாஸ் பாஸ்னு போட்டுத் தள்ளற."

டீக் கோப்பையோடு காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதானே, என்றது பார்வை. கவுன்ட்டரில் இருந்த ஜாய்ஸ்கூடப் புருவத்தைத் தூக்கினாள். டெரெக்கின் முகம் வேன் நிறத்துக்கு வந்தது.

வேனுக்கு அடியில் போனான். தட்டினான், ஆட்டினான், பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பின்பக்கம் வந்ததும் நின்றான்.

"நம்பர் பிளேட் விளக்கு எரியலையே."

"அடடா, ஃபெயிலா?" வில்ஃப் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார். "எனிட், கேட்டியா? ஃபெயிலாம். என்ன பண்றது, நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்."

"அண்ணே, சட்டைப் பையில இருக்கிற பல்பைக் கொடுங்க."

"எந்தப் பல்பு?"

"துருத்திக்கிட்டு நிக்குதே, அது. அப்படியே வைப்பர் ரப்பரையும் கொடுத்துடுங்க. கால்சட்டைக்குள்ளேருந்து வால் தெரியுது."

இரண்டையும் மாட்டினான். காசு வேண்டாம் என்றான். பாஸ்.

"பாத்துக்கிட்டே இரு, இந்த வருஷமும் நீ ரெண்டாவதுதான்" என்று சபித்துவிட்டு வில்ஃப் வேனில் ஏறினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சமர்த்தாக உறுமியது. அதில் அவருக்கு இன்னும் எரிச்சல்.

பாத்ரூம் போய்வருவதாகச் சொல்லிப் பின்தங்கிய எனிட், டெரெக்கின் கையில் எதையோ திணித்தாள்.

"தோட்டத்துக் கதவு சாவிப்பா. போன வருஷம் மாதிரியே. அவருக்குத் தெரிய வேணாம்."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க அண்ணி."

வேன் கண்ணுக்கு மறைகிற வரை ஜாய்ஸ் பொறுத்துக்கொண்டாள். அந்த ஊரில் அடுத்தவன் லீக்ஸ் பாத்திக்குள் கால் வைப்பது சின்னக் குற்றமில்லை.

"அப்ப அந்த மனுஷன் சொன்னது நிஜமா? அவர் இல்லாத நேரம் அவர் தோட்டத்துக்குள்ள போறியா? கட்டின பொண்டாட்டியே சாவி கொடுக்கறா. உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல?"

"போறேன்தான். தினம் போறேன்."

"போய்?"

"என்ன பண்ணச் சொல்ற ஜாய்ஸ்? அவர் இங்க இருக்கிற வரைக்கும் பீரு, சர்க்கரைப் பாகு, அவரோட சத்து டானிக்னு பாசத்துல ஊத்தி ஊத்தி அதுங்களைச் சாகக் கிடத்திடறாரு. அந்தப் பீப்பாய் முதல் நாளே அடைச்சுக்கும். மண்ணை அலசி, அழுகின தோலை உரிச்சு, தண்ணி காட்டித் தேத்தறதுக்கே எனக்கு மூணு வாரம் ஆகுது."

ஜாய்ஸ் கவுன்ட்டரை விட்டு வெளியே வந்தாள்.

"பைத்தியமா நீ? சும்மா விட்டிருந்தா இத்தனை வருஷமும் கப்பு உனக்குத்தானே?"

டெரெக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தான்.

"கப்பு வேணும்தான். ஆனா படுத்த படுக்கையா கிடக்கறவனோட மல்லுக்கட்டி ஜெயிச்சேன்னு ஊர்ல எப்படிச் சொல்லிக்கறது?"