என் விரல்

லாரி மோதி முதுகில் அடிபட்ட நாயின் பின்னங்கால் விரலை, கால்நடை மருத்துவர் தினமும் ஒரு முறை இடுக்கியால் கிள்ளினார். கால் உடனே மடங்கியது.

“பார்த்தீங்களா அண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்றது கால்.

“அது யார் காலோ தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றது தலை.

மருத்துவரும் தலையைத்தான் கவனித்தார். “கால் தானாகவே மடங்கும். வலி தலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த நாய் மறுபடி எழுந்து நடக்கும்,” என்றார்.

பத்து நாள் தலை திரும்பவே இல்லை.

பதினோராம் நாள் கிள்ளியதும், “எவன்டா என் விரலைக் கிள்ளுறது?” என்று தலை பாய்ந்து திரும்பியது. மருத்துவர் இடுக்கியை வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“ரொம்ப வலிக்குதாண்ணே?” என்றது கால்.

“உயிர் போகுதுடா.”

“என் விரல்னு சொன்னீங்களே அண்ணே, அது போதும்.”