கானாவைப் பார்க்காத கானாக்காசு

"என்மேல் உரசாதே, உன் அழுக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று வெள்ளிக்காசு மறுபடியும் சொன்னதும், தேய்ந்த நிக்கல் காசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டின்மேலும் கானா என்றுதான் பொறித்திருந்தது. ஆனால் நாணயம் சேர்ப்பவரின் பெட்டியில் அந்த நாட்டுக்கு ஒரே ஒரு குழிதான். ஒன்று உட்கார்ந்தால் மற்றது வெளியே.

"பிளாஸ்டிக் டப்பிக்குள் இருக்கிற உனக்கு என் அழுக்கு எப்படியம்மா ஒட்டும்? அது கிடக்கட்டும், உன் முதுகில் பனிக்கரடி எதற்கு? எங்கள் ஊர் வெயிலில் அதற்கு என்ன வேலை?"

"நான் சேர்ப்பவர்களுக்காகவே ஐரோப்பாவில் அச்சானவள், கானாப் பக்கமே போனதில்லை. மொத்தமே ஆயிரம் பேர்தான். சான்றிதழ் இருக்கிறது."

"நானும் அங்கே அச்சானவன்தான். ஆனால் கப்பலேறிப் போய் உழைத்தேன். வெள்ளைக்காரன் தங்கத்தையும் அள்ளினான், ஆட்களையும் அள்ளினான், அந்த மண்ணுக்குத் தங்கக் கடற்கரை என்று பெயர் வேறு வைத்தான். அதை உதறிவிட்டுக் கானா என்று சொந்தப் பெயர் சூட்டிக்கொண்ட ஜனங்களின் கையில்தான் நான் தேய்ந்தேன். ஒரு மீன்காரி என்னை இடுப்புத் துணியில் முடிந்துவைத்துப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கினாள். உன் சான்றிதழில் இதெல்லாம் எழுதியிருக்கிறதா?"

"எடை எழுதியிருக்கிறது" என்றது வெள்ளிக்காசு.

அதற்குள் சேர்ப்பவரின் விரல்கள் வந்தன. பளபளப்பானதைக் குழியில் பொருத்தின. தேய்ந்ததைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடின.

வெள்ளிக்காசு கொஞ்ச நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தது. பிறகு டின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டது: "அந்த மீன்காரியின் பெயரையாவது சொல்லேன்."