கூத்தையா வீட்டு எட்டு விநாடி

"கூத்தையா வீட்டுல நீ எதுக்குடி இருக்கணும்?"

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "நான் இங்கனதான இருக்கேன். கண்ணு தெரியலயா?"

"வெளையாடாத. அந்த டிஸ்க்கச் சொல்றேன்."

தங்கசாமிக்கு இந்த எரிச்சல் பிடித்து இரண்டு வாரம் ஆகிறது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பாம்பனுக்கு ஒரு சினிமா கம்பெனி வந்து கடற்கரையில் ஒரு பாட்டு எடுத்தது. அதில் வெள்ளையம்மாள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டு விநாடி நடந்து போவாள். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஆனால் தங்கசாமிக்கு அதைவிடப் பெரிய படம் உலகத்தில் கிடையாது.

இராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் மகள் சுகந்தி புது டிவி வாங்கித் தந்தபோது, அதிலேயே காசு கட்டி அந்தப் படத்தையும் வாங்கிக் கொடுத்தாள். "அய்யா, இனிமே இது நம்ம படம். எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்றாள். அந்தத் தைரியத்தில் தங்கசாமி வீட்டிலிருந்த அந்தப் படத்தின் பழைய டிஸ்க்கை எடுத்து, பளபளவென்று இருக்கட்டும் என்று தன் ஆட்டோவின் பின்னால் கட்டித் தொங்கவிட்டான். ஒரே வருஷத்தில் உப்புக் காற்று அதன் வெள்ளியை உரித்துவிட்டது. அவன் கவலைப்படவில்லை.

தனுஷ்கோடிக்குச் சவாரி வரும் வெளியூர்க்காரர்களிடமெல்லாம் போனில் அந்தப் பாட்டைப் போட்டு, "இது எங்க வீட்டுக்காரி" என்று பெருமையடித்துக்கொள்வான். வீட்டுக்கு யார் வந்தாலும் டிவியில் அதுதான் ஓடும். கூத்தையாவை மட்டும் அவன் கூப்பிட்டதே இல்லை. கூத்தையா வெள்ளையம்மாளின் மாமன் மகன். ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றுவதற்குள் நின்றுபோயிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் டிவியில் படத்தைக் காணவில்லை. போனிலிருந்த பாட்டும் போய்விட்டது. சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"கம்பெனிக்காரனுக்கு உரிமை முடிஞ்சு போச்சாம். அதான் எடுத்துட்டாங்கய்யா."

"நம்ம காசு குடுத்து வாங்குனத அவன் எப்படி எடுப்பான்?"

"நாம வாங்குனது படத்த இல்லையாம். பாக்குறதுக்கு அனுமதியத்தானாம்."

அதோடு போயிருந்தால் இரண்டு நாள் புலம்பிவிட்டு ஆறியிருப்பான். அன்று சாயங்காலமே ஆட்டோவில் கூத்தையா வீட்டைக் கடந்தபோது உள்ளேயிருந்து அந்தப் பாட்டு கேட்டது. அதுவும் ஒரே ஒரு அடி. பாட்டு நின்றது. திரும்பவும் அதே அடி. வெள்ளையம்மாள் நடந்து வரும் இடம்! அவனிடம் இன்னும் அந்தப் படத்தின் டிஸ்க் இருக்கிறது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

ஊர் உலகமெல்லாம் அவளைப் பார்த்தபோது வராத பொறாமை, ஒருத்தன் மட்டும் பார்க்கிறான் என்றதும் வந்துவிட்டது. அதிலும் அவன் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒண்டிக்கட்டை. தங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"அவுக பாட்டுக்குப் பாத்துட்டுப் போறாக. அதுல நான் என்ன தேஞ்சா போயிருவேன்?" என்றாள் வெள்ளையம்மாள்.

"அவுகளாம்ல, அவுக! மரியாதையப் பாரு" என்று கத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கூத்தையா படகு எஞ்சின் மெக்கானிக். வாசலில் தங்கசாமியைக் கண்டதும் கைக் கறுப்பைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தான். "ஏலே தங்கசாமி! வா, வா. என்ன அதிசயமா இங்கிட்டு?"

"அந்தக் கடற்கரைப் பாட்டுப் படத்தோட டிஸ்க்கு உங்ககிட்ட இருக்குல்ல. அத எனக்குக் குடுங்கண்ணே."

கூத்தையாவின் சிரிப்பு நின்றது. "வேற எது வேணும்னாலும் கேளு. அது மட்டும் ஆகாது."

"என்ன விலை வேணும்னாலும்..."

"விக்கிற பொருளாடா அது? பிளேயரு நாலு தடவ மண்டையப் போட்டுச்சு. நாலு தடவையும் பிரிச்சு மேஞ்சு ஓட வச்சேன். ஒரு நாள் அத ஒரு தடவையாச்சும் பாக்கலேன்னா எனக்குப் பொழுது அடையாது."

தங்கசாமி உள்ளே போய் டிவிக்கு எதிரில் உட்கார்ந்தான். "அப்படி என்னத்தத்தான் பாக்குறீக? போடுங்க, நானும் பாக்குறேன்."

கூத்தையா கொஞ்சமும் தயங்காமல் போட்டான். பாட்டு வந்தது. வெள்ளையம்மாள் கூடையோடு திரைக்குள் நுழைந்தாள். சரியாக நாலடி வைத்ததும் கூத்தையா ரிமோட்டை அமுக்கினான். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவன் முகம் அப்படியே கனிந்துபோனது.

"பாத்தியா? எம்புட்டு அழகு!"

தங்கசாமி துள்ளி எழுந்தான். "அடுத்தவன் பொண்டாட்டிய நிப்பாட்டி வச்சு ரசிக்கிறீகளே, வெக்கமா இல்ல?"

"அடுத்தவன் பொண்டாட்டியா? ஏலே, இது எம் பொண்டாட்டிடா!"

கூத்தையா எழுந்துபோய்த் திரையின் ஓரத்தில் விரலை வைத்தான். அங்கே மணலில் குந்தி ஒருத்தி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"எஞ் சோணையம்மா. போட்டோ ரெண்டு மூணு இருக்கு. எல்லாத்துலயும் வெறச்சுப்போய் நிக்கிறா. தலையத் திருப்பிச் சிரிக்கிறது இது ஒண்ணுலதான்."

 தங்கசாமி திரைக்கு நடுவில் பெரிதாக நின்ற கூடைக்காரியைக் காட்டினான். "அண்ணே, நான் இவளச் சொன்னேன். இது எங்க வீட்டுக்காரி."

கூத்தையா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

"அட, இது நம்ம வெள்ளையம்மாளா? இவ அடுத்த அடி வச்சா எஞ் சோணையம்மா மறைஞ்சு போறா. தெனமும் இவள வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டேல்லடா நிப்பாட்டுறேன்!"