வலது பக்கம் ஓடும் துப்பாக்கி

"இது மூணாவது தடவை! இன்னைக்கு ஒண்ணு, இது உருப்படாதுன்னு நீ உன் வாயால சொல்லு. இல்ல, நானே சுத்தியலால உடைச்சுப் போட்டுட்டுப் போறேன்!"

டெய்லரம்மா பெட்டியை மேஜைமேல் வைத்த வேகத்தில் துப்பாக்கி மெக்கானிக்கின் டீ கிளாஸ் ஒரு குதி குதித்து நின்றது. பெட்டிக்குள் இருந்தது, மகள் குறி சுடும் போட்டிக்காக வைத்திருக்கும் ஏர் பிஸ்டல். கூடவே வந்த மகள் கடை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? நேத்து சாயங்காலம் கிளப்புல நான் இவளுக்குப் பின்னாடியே நின்னு பார்த்தேன். பாதிக்கு மேல குண்டு வலது பக்கம்தான் ஓடுது. நடுவுல இருக்குற வட்டம் என்ன பாவம் பண்ணுச்சு? அதை எட்டிக்கூடப் பார்க்கல!"

"விட்டுட்டுப் போங்க. சரி பண்ணிடலாம். பத்து நாளாகும்."

டெய்லரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. போன மாதமும் இதே பதில். அதற்கு முந்தின மாதமும் இதே பதில்தான். வாங்கி வைத்துக்கொள்வான், "சரியாயிடுச்சு" என்று திருப்பிக் கொடுப்பான். கிளப்பில் போய் நின்றால் குண்டு மறுபடி வலது பக்கம் போகும். அடுத்த வாரம் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இதில் விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். இதற்காகத் தினமும் தையல் கடையைப் பாதியில் சாத்திவிட்டு, துணி கொடுத்தவர்களிடமெல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டு மகள் பின்னால் வந்து நிற்கிறாள் அவள். இவன் என்னடாவென்றால் நிதானமாகப் பத்து நாள் என்கிறான்.

"போன ரெண்டு தடவையும் கூலி வேண்டாம்னியே, அப்பவே எனக்குச் சந்தேகம். வேலை செஞ்சவன் எவன்யா கூலியை வேண்டாம்பான்? நீ இதைத் தொட்டே பார்க்கல!"

மெக்கானிக் காதைச் சொறிந்துகொண்டான்.

"என் மிஷின் நூலை அறுத்தா ஊசியை மாத்துவேன். அப்புறமும் அறுத்தா மிஷினையே மாத்துவேன். மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்க மாட்டேன். உன் ரிப்பேரும் வேண்டாம், நீயும் வேண்டாம். புதுசே வாங்கிக்கறேன்."

"புதுசு என்ன விலைன்னு தெரியுமாக்கா?"

"தெரியும். கடையில துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினை வித்துடறேன். ஆள் வந்து பார்த்தாச்சு. நாளைக்குத் தூக்கிட்டுப் போறாங்க."

"அம்மா! அது இல்லாம நீ எப்படிம்மா..."

"நீ வாயை மூடுடி!"

மெக்கானிக் வாசலைப் பார்த்தான். மகள் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஊசிக் காதில் ஒரே தடவையில் நூல் கோக்கிற கண்ணுக்கு இது தப்புமா?

"அங்க என்ன ஜாடை?"

அவன் எழுந்தான். பிஸ்டலை எடுத்து மேஜையோரத்து வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினான். நீளமான அறையின் அந்தக் கோடியில் ஒரு அட்டையை மாட்டி, அதன் நடுவுக்கு நேராகக் குறியைத் திருப்பினான்.

"இங்க வாங்கக்கா. இப்ப இதை யாரும் பிடிச்சுக்கல. இரும்புதான் பிடிச்சிருக்கு. நான் விசையை மட்டும்தான் தொடுவேன்."

டப். அடுத்த குண்டைப் போட்டான். டப். பிறகும் சில தடவை சுட்டுவிட்டு, அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

நடுவில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது.

"ஒண்ணுதான் பட்டிருக்கு. மத்ததெல்லாம் எங்க போச்சு?"

"எல்லாமே அந்த ஓட்டை வழியாத்தான் போச்சு. துப்பாக்கி மேல தப்பே இல்லக்கா. என்னைக்கும் இருந்ததில்ல."

டெய்லரம்மா சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்போ தப்பு உன்மேலயா? நான் இங்க ஓடா தேயறேன், நீ அங்க நின்னு வேடிக்கையா காட்டுற?"

மகளின் தோள் இரண்டும் காது வரை ஏறின. கண்களை இறுக மூடிக்கொண்டாள். வலது கை தானாக வெளிப்பக்கம் வெட்டி இழுத்தது.

"பார்த்தீங்களாக்கா? குண்டு வலது பக்கம் ஓடுறது இதனாலதான்" என்றான் மெக்கானிக். "நீங்க இங்க விட்டுட்டுப் போன நாளெல்லாம், உங்க பொண்ணு மத்தியானம் காலேஜ் முடிச்சு இங்க வந்து இதே துப்பாக்கியாலதான் சுட்டுச்சு. நடுவை விட்டு நகரல. பின்னாடி யாரும் நிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்."

டெய்லரம்மா அட்டையை மேஜைமேல் எறிந்தாள். கோபத்துக்குப் போக இடமில்லை. திரும்ப அவன்மேலேயே பாய்ந்தாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குய்யா ரிப்பேர், ரிப்பேர்னு என்னை ஏமாத்தின? உன்னை நான் கிளப்பு முழுக்கத் திருடன், திருடன்னு சொல்லிட்டுத் திரியறேன்!"

"தெரியும்க்கா. காதுக்கு வந்துச்சு. மிஷினை விக்கற வரைக்கும் போவீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன். உங்க பொண்ணு கேட்டதை என்னால தட்ட முடியல."

"அப்படி என்ன கேட்டா?"

அவன் வாசல் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"'பிஸ்டலைக் கொஞ்ச நாள் நீங்களே வச்சுக்குங்க மாமா. அது உங்ககிட்ட இருந்தா அம்மா உங்களைத்தான் திட்டுவாங்க. என்கிட்ட, சாப்பிட்டியான்னு கேப்பாங்க'ன்னுச்சு."