அனுப்பப்பட்டது

அருவியில் வெள்ளம் வந்தது. மேலிருந்து வரவேண்டிய எச்சரிக்கை வரவில்லை. குளிக்க வந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். எண்ணெய் தேய்த்துவிடும் வீரபாகு தண்ணீரோடு போனான்.

பதினேழாம் நாள் கடைக்காரர்கள் சங்கம் கூடியது. வெளியே சாரல். உள்ளே அய்யாக்குட்டி நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை.

மலையில் தண்ணீர் நிறம் மாறினால் கீழே எச்சரிப்பது அவர் வேலை. அங்கே டவர் கிடையாது. அதற்காகவே மேலகரத்துப் பிரின்ஸ் ஒரு ஆப் எழுதிக் கொடுத்திருந்தான். மேலே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பாதையோரக் கடைகளில் உள்ள போன்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிச் செய்தியைக் கீழே கொண்டுவந்துவிடும்.

"தூங்கிட்டேரு. ஒத்துக்கிடும்வே," என்றார் சங்கத் தலைவர் ஜெபசிங்.

"அழுத்தினேன் அண்ணாச்சி. அனுப்பப்பட்டதுன்னு பச்சையில காட்டுச்சு."

"காட்டுச்சுல்லா! அப்ப எங்க ஒருத்தனுக்கும் ஏன் வரல? இறங்கி ஓடியாந்து சொல்லுததுக்கு என்ன கேடு?"

"போயிட்டுன்னு நினைச்சுட்டேன்." அய்யாக்குட்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். "செத்தவன் எனக்கும் சேக்காளிதான். அன்னைக்குக் காலையில என்கூடத்தான் டீ குடிச்சுட்டு இறங்கினான்."

"அந்தக் கதையை ஸ்டேஷன்ல சொல்லும்."

ஜெபசிங் போலீஸ் புகார் எழுதிய ஒரு தாளை எடுத்து சங்கரேஸ்வரியிடம் நீட்டினார். வீரபாகுவின் மனைவி. மேல்பாதையில் சிப்ஸ் கடை வைத்திருப்பவள்.

"கையெழுத்துப் போடு தாயி. இவரு உள்ள போகட்டும்."

அவள் தாளை வாங்கினாள். பேனாவை வாங்கவில்லை.

பிரின்ஸ் லேப்டாப்போடு எழுந்தான்.

"அவரு அழுத்தினது நிஜம் அண்ணாச்சி. பதினொன்னு நாப்பதுக்கு. பதிவு இருக்கு. ஆனா செய்தி அவரு போனை விட்டே போகல. அடுத்த போன் அணைஞ்சு கிடந்திருக்கு."

"பொறவு எப்படிவே அனுப்பப்பட்டதுன்னு சொல்லுது?"

"செய்தியை அனுப்ப ஆப் வாங்கிக்கிட்டுங்கற அர்த்தத்துல வச்சேன். தப்புதான்."

"நல்லா வச்சேரு அர்த்தம்! ஒரு உசுரு போயிட்டு."

பிரின்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். மாற்றிவிட்டேன் என்றான். இனி போகவில்லை என்றால் போகவில்லை என்றே வருமாம். எந்த போன் அணைந்திருக்கிறது என்று பேரும் வருமாம்.

ஜெபசிங் முகம் சுண்டியது.

"பேரெல்லாம் எதுக்கு? சீசன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்கு. நாலு பேரு அணைச்சுத்தான் வைப்பான். அவனை ஊரு முன்னால நிறுத்தவா?"

"அதானே," என்றார்கள் நாலைந்து பேர். சொல்லிக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார்கள். இரண்டு மூன்று போன்கள் உயிர் பெறும் சத்தம் கேட்டது.

பின்வரிசையில் ஒருவன் கத்தினான். "அன்னைக்கு அணைச்சு வச்சவன் எவம்லே? அதைச் சொல்லச் சொல்லுங்க. தொலைச்சுப்புடுவோம்!"

பிரின்ஸ் லேப்டாப்பை மூடினான். "அது தெரியல."

"ஒங்களுக்குத் தெரியும் தம்பி," என்றாள் சங்கரேஸ்வரி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"அன்னைக்கு உள்ள பதிவையே புது ஆப்புல போட்டுக் காட்டுங்க."

"வேண்டாம்க்கா."

"போடுங்க. பேரு வரலைன்னா நாளைக்கும் அணைப்பாவ. இன்னொருத்தி தாலி அறுப்பா."

கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். அய்யாக்குட்டியிடம் கொடுத்தாள்.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

பிரின்ஸ் மறுபடி திறந்தான். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். தட்டினான்.

ஜெபசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். முடிக்கும்போது சத்தமில்லை.

"செய்தி உங்கள் போனிலேயே நிற்கிறது. உடனே இறங்கிப் போய்ச் சொல்லவும். அணைந்திருக்கும் போன்: சங்கரேஸ்வரி."