நிலவறை அடுப்பும் மேல்வீட்டுச் சேதியும்

பனி கொட்டும் ஊரில், நிலவறையில் நின்றபடியே ஒரு வீட்டைச் சூடாக்கி வந்தது ஒரு விறகடுப்பு. மேலே நடப்பதைப் பூனை வந்து சொன்னால்தான் உண்டு.

“அண்ணே, ஐயாவுக்குக் குளிருதாம்” என்றது பூனை. ஐயா இறங்கி வந்து நாலு கட்டையைத் திணித்தார். அடுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு எரிந்தது.

“அம்மாவுக்கு வேர்க்குதாம். ஜன்னலையெல்லாம் திறந்துட்டாங்க.”

அடுப்பு பதறிப்போய்த் தணிந்தது. உடனே மறுபடியும் கட்டை வந்து விழுந்தது.

“நான் எரியணுமா, அணையணுமா? எனக்கு ஒரு எழவும் புரியலையே! ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரக் கூடாதா?”

மறுநாள் பூனை ஓடி வந்தது. “பேசிட்டாங்கண்ணே! ரெண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்துட்டாங்க.”

“அப்பாடா! என்னவாம்?”

“அடுப்பு சரியில்லையாம்.”